பேப்பரில் ஒரு வருஷம், தகட்டில் ஒரு வருஷம்: பழைய பிக்கப் டிரக்கின் உண்மையான வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வாங்கப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. விற்பவர் '1950 மாடல்' என்கிறார். உரிமைச் சான்றிதழில் 1951 என்று இருக்கிறது. கதவோரத் தகட்டில் உள்ள எண் '5' என்று தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பர், "5-ல ஆரம்பிக்குதே, அப்போ 55 மாடல்தான்" என்கிறார். இன்ஜினில் இருக்கும் எண்ணோ இவை எதோடும் ஒத்துப்போகவில்லை.

இதில் யார் சொல்வது சரி? வண்டி திருட்டு வண்டியா, அல்லது 70 வருஷத்தில் பல கை மாறியதால் வந்த குழப்பமா? விலை, காப்பீடு, பதிவு எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் தொங்குகின்றன. தவறாகக் கையாண்டால் வண்டியையே போலீஸ் எடுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் போகலாம். அப்படி நடந்தும் இருக்கிறது.

பழைய வாகனத்தின் வரிசை எண்ணைப் படிப்பது எப்படி, எங்கே ஏமாறுவோம், எந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும்? 1947 முதல் 1955 வரை வெளிவந்த செவ்ரோலே 3100 வகை பிக்கப் டிரக்கை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். 'அட்வான்ஸ் டிசைன்' என்று செவ்ரோலே பெயரிட்ட வரிசை இது. உருண்டையான முகப்பு, ஐந்து படுக்கைவாட்டுப் பட்டைகள் கொண்ட கிரில், உப்பிய மட்கார்டு என்று பழைய ஹாலிவுட் படங்களில் பண்ணை வீட்டு வாசலில் நிற்குமே, அந்த வண்டிதான்.

17 இலக்க எண் ஏன் இல்லை?

இன்றைய கார் எதுவானாலும் 17 இடங்கள் கொண்ட அடையாள எண் இருக்கும். அதைக் கணினியில் தட்டினால் தயாரித்த நாடு, நிறுவனம், மாடல், ஆண்டு எல்லாம் வந்துவிடும். அமெரிக்காவில் இந்த 17 இட முறை 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இடமில்லை. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பக் கூடாது என்பதுதான் காரணம். ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களில் ஒன்று தவறினாலும் கணக்கு இடிக்கும். பத்தாவது இடம் மாடல் ஆண்டைச் சொல்லும்.

அதற்கு முன்பு பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எண் போட்டது. ஒரே நிறுவனமே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறையை மாற்றியது. எண் சரியா தவறா என்று காட்டும் சரிபார்ப்பு இலக்கமும் இல்லை. ஆகவே 1950-களின் வண்டி எண்ணை இன்றைய இணையதளக் கட்டத்தில் தட்டினால் 'செல்லாத எண்' என்றுதான் வரும். எண் போலி என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தக் கால எண்ணை அந்தக் கால அட்டவணையை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

தகடு எங்கே இருக்கும்?

அட்வான்ஸ் டிசைன் செவ்ரோலேயில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு கீல் மாட்டியிருக்கும் தூணில் சிறிய உலோகத் தகடு இருக்கும். வரிசை எண் அதில்தான். 1952 வரை கறுப்புப் பின்னணியில் வெள்ளி எழுத்து. 1953 முதல் நீலப் பின்னணியில் வெள்ளி எழுத்து. இந்த நிற மாற்றமே ஒரு துப்புதான். 1949 வண்டி என்று சொல்லி நீலத் தகடு இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளில் தகட்டின் மேல் நான்கைந்து கோட் பெயின்ட் ஏறியிருக்கும். 'உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தெரிஞ்சிடும்' என்று ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. எழுத்துகள் ஆழமில்லாதவை, தேய்த்தால் பெயின்டோடு எண்ணும் போய்விடும். பெயின்ட் கரைப்பானைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைப்பதே வழி. பிறகு மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் பதியும். நம் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் சேசிஸ் நம்பருக்கு 'பென்சில் பிரின்ட்' எடுப்பார்களே, அதே வித்தைதான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தகடு இருப்பது கேபினில். இந்த வண்டிகளில் கேபினின் கீழ் மூலைகள் துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும். டிங்கரிங் வேலை பார்ப்பதைவிட வேறு வண்டியின் கேபினைத் தூக்கி வைப்பது சுலபம் என்று பலர் மாற்றியிருக்கிறார்கள். அப்போது தகடு சொல்வது கேபினின் வயதை. கீழே இருக்கும் சேசிஸ் வேறு வண்டியுடையதாக இருக்கலாம்.

எண்ணைப் பிரித்துப் படிப்போம்

ஓர் எடுத்துக்காட்டு எண்ணை எடுத்துக்கொள்வோம்: 5-ஜே-பி-இ-2345. (ஆங்கில எழுத்துகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். இந்தக் கட்டுரையில் 'பி' என்றால் 'பிக்கப்' என்ற சொல்லின் முதல் எழுத்து.)

முதலில் வரும் எண், வண்டியைப் பூட்டிய ஆலை. 1 என்றால் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட், 3 என்றால் செயின்ட் லூயிஸ், 5 என்றால் கான்சாஸ் சிட்டி, 6 ஓக்லாந்து, 8 அட்லான்டா, 9 நார்வுட், 14 பால்டிமோர், 21 ஜேன்ஸ்வில். நண்பர் '55 மாடல்' என்று சொன்னாரே, அந்த 5 ஆண்டே இல்லை, ஊர்.

அடுத்த எழுத்து மாடல் ஆண்டு. 1947-க்கு இ, 1948-க்கு எஃப், 1949-க்கு ஜி, 1950-க்கு ஹெச், 1951-க்கு ஜே, 1952-க்கு கே. ஹெச்-க்கு அடுத்து ஐ வர வேண்டும். அதைத் தாண்டி ஜே-க்குப் போயிருக்கிறார்கள். எழுத்துகளை விரல் விட்டு வரிசையாக எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஒரு வருஷம் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

அதற்கடுத்த எழுத்து வண்டியின் சுமை வகை. பி என்றால் அரை டன் வண்டியான 3100. ஆர் என்றால் முக்கால் டன், அதாவது 3600. எஸ் என்றால் ஒரு டன், 3800. இதை டேப் வைத்தே சரிபார்க்கலாம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அரை டன் வண்டியில் 116 அங்குலம். முக்கால் டன் வண்டியில் 125.25 அங்குலம். ஒரு டன் வண்டியில் 137 அங்குலம். தகட்டில் பி இருந்து, டேப் 125 காட்டினால் கேபினோ சேசிஸோ மாறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து வருவது மாதம். ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பரில் முடியும். நம் எடுத்துக்காட்டில் இ, அதாவது ஐந்தாவது எழுத்து, மே மாதம். கடைசியில் இருக்கும் 2345 அந்த ஆலையின் வரிசை எண்.

ஆக 5-ஜே-பி-இ-2345 என்றால், 1951 மே மாதம் கான்சாஸ் சிட்டி ஆலையில் தயாரான அரை டன் பிக்கப் டிரக்.

மாடல் ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு

தகட்டில் ஆண்டு எழுத்து ஹெச், மாத எழுத்து எல் என்று இருக்கிறது. ஹெச் என்றால் 1950. எல் என்றால் டிசம்பர். அப்படியென்றால் வண்டி 1950 டிசம்பரில் பிறந்ததா? இல்லை, 1949 டிசம்பரில்.

அமெரிக்காவில் அடுத்த ஆண்டுக்கான மாடலை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தீபாவளிக்கே அடுத்த வருஷக் காலண்டர் கடைக்கு வந்துவிடுவதைப் போல. மாடல் 1950, ஆனால் வெளிவந்த தேதி 1949-இன் கடைசி. இது மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் விற்பனையாகாமல் ஷோரூமில் நின்ற வண்டியை, விற்ற ஆண்டின் பெயரிலேயே பதிவு செய்ததும் உண்டு. 1950-இல் தயாரான வண்டி, 1951-இல் விற்று, சான்றிதழில் 1951 என்று ஏறியிருக்கும். 'பேப்பர்ல ஒண்ணு, தகட்டுல ஒண்ணு' என்ற சிக்கல் பல நேரம் இப்படி நேர்மையாகவே பிறந்ததுதான்.

ஒரே எழுத்து, மூன்று அர்த்தம்

1953-இல் செவ்ரோலே முறையை மாற்றியது. புதிய எண் ஹெச்-53-கே என்று தொடங்கி, பிறகு வரிசை எண் வரும். இங்கே ஹெச் என்றால் 3100 வகை, 53 என்றால் ஆண்டு, கே என்றால் கான்சாஸ் சிட்டி ஆலை. 1954-இல் 53-க்குப் பதில் 54.

இப்போது குழப்பத்தைப் பாருங்கள். 1950 வண்டியில் ஆண்டு இடத்தில் இருக்கும் ஹெச் 1950-ஐக் குறிக்கும். 1952 வரையிலான வண்டியில் மாத இடத்தில் வந்தால் அதே ஹெச் ஆகஸ்ட். 1953-இல் முதலில் வந்தால் அரை டன் வகை. கே-யும் அப்படித்தான்: ஆண்டு இடத்தில் 1952, மாத இடத்தில் நவம்பர், 1953-க்குப் பிறகு கான்சாஸ் சிட்டி. எழுத்தைப் பார்த்து அர்த்தம் சொல்ல முடியாது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதிலும் 1955 தனிக் கதை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பழைய அட்வான்ஸ் டிசைன் வண்டியே '1955 முதல் வரிசை' என்று விற்பனையானது. மார்ச் மாதம் முற்றிலும் புதிய உடலோடு 'டாஸ்க் ஃபோர்ஸ்' வண்டி 'இரண்டாம் வரிசை'யாக வந்தது. ஆண்டு ஒன்று, வண்டி இரண்டு. '55 செவி'க்குக் கதவு வேண்டும், கண்ணாடி வேண்டும் என்று வெறுமனே ஆர்டர் கொடுத்தால் பொருந்தாத பாகம் வந்து சேரலாம்.

செவ்ரோலேயின் சகோதரன் ஜிஎம்சி. உடல் ஒரே மாதிரி இருந்தாலும் எண் முறை வேறு. கனடாவின் ஓஷாவா ஆலையில் தயாரான வண்டிகளுக்கும் அமெரிக்க அட்டவணை செல்லாது.

இன்ஜின் எண் ஏன் ஒத்துப்போவதில்லை?

இன்ஜின் பிளாக்கின் வலது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் அருகே உள்ள சிறிய மேடையில் ஓர் எண் பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கும். அது இன்ஜின் எண். புதிதாக வாங்குபவர்கள் அதையும் கதவோரத் தகட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, "ரெண்டும் வேற வேறயா இருக்கே, இன்ஜின் மாத்திட்டாங்க" என்று பதறுவார்கள்.

பதற வேண்டியதில்லை. அந்தக் கால செவ்ரோலே டிரக்கில் இரண்டும் தனித்தனி வரிசைகள். ஆலையிலிருந்து வெளிவந்த அன்றே அவை ஒத்துப்போகாது. வண்டி எண்ணின் ஒரு பகுதியை இன்ஜினிலும் குத்தும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் அமெரிக்காவின் பல மாகாணங்களில் வண்டியை இன்ஜின் எண்ணை வைத்தே பதிவு செய்தார்கள். சான்றிதழில் இருப்பது இன்ஜின் எண். பத்து வருஷம் கழித்து அந்த இன்ஜின் தேய்ந்து, வேறு இன்ஜின் ஏறியது. பழைய இன்ஜின் காயலான் கடைக்குப் போனது. பேப்பரை யாரும் திருத்தவில்லை. இன்று அந்தச் சான்றிதழில் இருக்கும் எண் வண்டியில் எங்குமே இல்லை! உரிமையாளர் நேர்மையானவர்தான், வண்டியும் அவருடையதுதான். ஆனால் காகிதப்படி அவரிடம் இருப்பது வேறு வண்டி.

இன்ஜின் மாற்றம் இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். 1953 வரை 3100-இல் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஏறத்தாழ 3.5 லிட்டர். அதில் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு முழு அழுத்தத்தில் ஆயில் போகாது. அள்ளித் தெளிக்கும் முறை. 1954-இல் வந்த 235 கன அங்குல இன்ஜினில் முழு அழுத்த ஆயில் ஓட்டம் உண்டு. வேகமாக ஓட்ட அதுவே நல்லது. பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் அது பழைய வண்டியிலும் உட்காரும் என்பதால் ஆயிரக்கணக்கானோர் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே 1950 வண்டியில் 235 இன்ஜின் இருந்தால், அது மோசடிக்கு ஆதாரம் இல்லை. 'ஒரிஜினல் இன்ஜின்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் அது பொய்.

அழிக்க முடியாத சாட்சி: வார்ப்பு தேதி

தகட்டைக் கழற்றலாம். பஞ்ச் எண்ணை அரத்தால் தேய்த்துப் புதிதாகக் குத்தலாம். வார்ப்பில் வந்த எழுத்தை மாற்றுவது கடினம். பிளாக்கை உருக்கி ஊற்றும்போதே அச்சில் வைத்த எழுத்துகள் மேடாக நிற்கும். அதில் இரண்டு தகவல்கள் உண்டு. ஒன்று, வார்ப்பு எண். எந்த வகை பிளாக், எந்த ஆண்டுகளில் பயன்பட்டது என்று அதை வைத்துப் பட்டியலில் தேடலாம். இன்னொன்று, வார்ப்பு தேதி.

தேதி எழுதும் முறை எளிது. மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ஜே-12-0 என்று இருந்தால் அக்டோபர் 12, ஆண்டு பூஜ்யத்தில் முடிகிறது. அது 1940-ஆ, 1950-ஆ, 1960-ஆ என்பதைத் தேதி சொல்லாது. வார்ப்பு எண்ணை வைத்துத்தான் பத்தாண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பிளாக்கை வார்த்து, கடைந்து, இன்ஜினாகப் பூட்டி, ஆலைக்கு அனுப்பிய பிறகே வண்டியில் ஏறும். எனவே வார்ப்பு தேதி வண்டி தயாரான மாதத்துக்கு முன்பு இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு வண்டி 1951 மே மாதத்தது. பிளாக் 1951 மார்ச் என்றால் பொருத்தம். 1951 நவம்பர் என்றால் அந்த இன்ஜின் அந்த வண்டியோடு பிறந்தது அல்ல. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்குக் கல்யாணம் நடந்ததாகச் சொல்வது போன்ற கதை அது.

உடலே பேசும்

எண்கள் சொல்வதை வண்டியின் உடலோடு ஒப்பிடுவது அடுத்த படி. செவ்ரோலே இந்த வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்களைச் செய்தது. அவை தெரிந்தால் எட்டி நின்றே வயதைக் கணிக்கலாம்.

1947-இல் கியர் ராடு தரையில். 1948-இல் மூன்று கியர் வண்டிக்கு ஸ்டீயரிங் பக்கம் வந்தது. 1949-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் நகர்ந்தது. 1951-இல் கதவுகளில் முக்கோணக் கண்ணாடி வந்தது; நம் ஊர் அம்பாசிடரில் காற்றுக்காகத் திருப்பி வைப்போமே, அந்த மாதிரி. 1952-இன் நடுவில் திருகும் கதவுக் கைப்பிடி போய், அழுத்தும் பட்டன் வந்தது. 1954-இல் நடுக்கம்பி இல்லாத ஒரே வளைந்த முன் கண்ணாடி வந்தது. ஐந்து பட்டை கிரில் போய் குறுக்குச் சட்டம் கொண்ட தடித்த கிரில் வந்தது.

தகடு 1950 என்கிறது, கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். பிற்பாடு யாரோ கதவை மாற்றியிருக்கலாம். அல்லது தகடே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். கதவு மாற்றுவது கால் நாள் வேலை. டேங்க் இடம், கண்ணாடிச் சட்டம் போன்றவை கேபினோடு வார்த்தெடுத்தது மாதிரி ஒட்டியவை, எளிதில் மாறாது. அதனால் சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகத்தின் சாட்சியைவிட, கழற்ற முடியாத பாகத்தின் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு வகை வண்டியும் சந்தையில் உண்டு. மேலே 1950 கேபின், கீழே 1980-களின் செவ்ரோலே எஸ்-10 சேசிஸ். ஓட்டுவதற்குச் சொகுசு என்று பலர் இப்படி மாற்றியிருக்கிறார்கள். எஸ்-10-க்குத் தனி 17 இலக்க எண் உண்டு. எந்த எண்ணில் பதிவு செய்வது என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பார்வைக்குத் தெரியாத இந்த மாற்றத்தை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஃபோர்டு வண்டியில் எப்படி?

செவ்ரோலேயின் போட்டியாளரான ஃபோர்டு 1948-இல் எஃப்-1 பிக்கப்பைக் கொண்டுவந்தது. 1953-இல் அதன் பெயர் எஃப்-100 ஆனது. எஃப்-100-இன் தொடக்க ஆண்டுகளில் எண் எஃப்10 என்று தொடங்கும். பிறகு இன்ஜினைக் குறிக்கும் எழுத்து, அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், ஆலை எழுத்து, வரிசை எண். 4 என்றால் 1954, 6 என்றால் 1956. மாதம் இதில் கிடையாது.

முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஃபோர்டு தகட்டோடு நிற்காமல் சேசிஸ் சட்டத்திலும் எண்ணைக் குத்தியது. பல வண்டிகளில் அது துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் புதைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தால் தகட்டை நேரடியாகச் சரிபார்க்க முடியும்.

தகட்டைக் கழற்றினால் என்ன ஆகும்?

பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது பெயின்ட் அடிக்க வசதியாகத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பொருத்துவது பட்டறைகளில் சகஜம். சட்டம் அதை அவ்வளவு சகஜமாகப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி வாகன அடையாள எண்ணைத் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. பழுதுபார்க்கத் தேவை என்ற நிலையில் கழற்றும் பழுதுபார்ப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் மாகாணச் சட்டங்கள் தனி.

கான்சாஸ் மாகாணத்தில் ஒருவர் 1959 செவ்ரோலே கார்வெட் காரை வெளிமாகாணத்தில் வாங்கி வந்தார். பதிவுக்கு முந்தைய சோதனையில், தகடு ஒருமுறை கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்பட்டது தெரிந்தது. 2017-இல் கார் பறிமுதல் ஆனது. வாங்கியவர் மீது குற்றமில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் எண் தகட்டில் கைவைக்கப்பட்ட வண்டியை அழிக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் 2022-இல் சட்டமே திருத்தப்பட்டது: பழைய வாகனத்தைப் புதுப்பிக்கும்போது தேவைக்காகத் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்துவது இனி அங்கே குற்றமில்லை. ஐந்து ஆண்டுகள் கார் போலீஸ் வசம் நின்றதற்குக் காரணம், முந்தைய யாரோ ஒருவர் கழற்றிய சில ரிவெட்டுகள்.

இன்னொரு பக்கம், எழுத்து இல்லாத வெற்றுத் தகடுகள் புதிதாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. துருப்பிடித்த தகட்டுக்குப் பதிலாக அழகாக ஒன்றைப் பொருத்தலாமே என்று தோன்றும். அது வண்டியின் மிகப் பெரிய ஆதாரத்தை நாமே குப்பையில் போடுவதற்குச் சமம். அழுக்கான, அசலான தகடுதான் விலை உயர்ந்தது. எண் முற்றிலும் தொலைந்துவிட்டால், சோதனைக்குப் பிறகு மாகாண அரசே புதிய எண் ஒதுக்கித் தகடு கொடுக்கும் வழி இருக்கிறது.

இந்தியாவில் என்ன நிலை?

செவ்ரோலே இந்தியாவுக்குப் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் ஆலை தொடங்கி, பாகங்களாக வந்த வண்டிகளைப் பூட்டி விற்றது, 1954-இல் மூடியது. அங்கே பூட்டிய வண்டிக்கு அமெரிக்க ஆலை எண் முறை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே ஆர்.சி.யில் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் இருக்கும். வண்டியில் உள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அதனால் இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றுவது அவசியம்.

2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டைக் கடந்த பழைய வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவு வரிசை உண்டு. சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. இது இருசக்கர வாகனங்களுக்கும் பயணிகள் காருக்கும் மட்டுமே; சரக்கு வாகனமாகப் பதிவான பழைய பிக்கப் இதற்குள் வராது.

வாங்கும் முன் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

1. முதலில் பேப்பர். அதில் இருப்பது வண்டி எண்ணா, இன்ஜின் எண்ணா என்று பாருங்கள். பின்னது என்றால் இன்ஜினில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

2. கதவோரத் தகடு. நிறம், பொருத்தியிருக்கும் விதம், எழுத்துகளின் அளவு, இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். போட்டோவும் பென்சில் பிரின்ட்டும் எடுங்கள்.

3. எண்ணை இடம் பார்த்துப் பிரியுங்கள். 1952 வரை ஒரு முறை, 1953 முதல் வேறு முறை.

4. டேப் வைத்துச் சக்கர இடைவெளியை அளங்கள். சுமை வகையோடு ஒத்துப்போக வேண்டும்.

5. பிளாக்கின் வார்ப்பு தேதி, வண்டி தயாரான மாதத்துக்கு முன்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

6. கண்ணாடி, டேங்க், கியர் ராடு, கைப்பிடி ஆகியவை தகடு சொல்லும் ஆண்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

7. பொருந்தாதவற்றை எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். இன்ஜினும் கதவும் மாறியிருப்பதற்கு விளக்கம் எளிது. விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். பேப்பரில் உள்ள எண் வண்டியில் எங்குமே இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பணம் கொடுத்த பிறகு அது விற்பவரின் சிக்கல் இல்லை, வாங்கியவரின் சிக்கல்.